பூஜைக்கு வைத்த கரமனை

"அப்பா, டாக்டர் மாமா ஸ்டெதாஸ்கோப்பைப் பூஜைக்கு வச்சுட்டா, எடுக்கற வரைக்கும் நெஞ்சு அடிக்கறதை யாரு கேப்பா?"

மீரா இதைக் கேட்டபோது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அன்று துர்க்காஷ்டமி. கணக்குப் புத்தகத்தைப் பட்டுத் துணியின் மேல் வைத்துவிட்டு, அதற்குள் இருந்த வீட்டுப்பாடமும் சேர்ந்து சாமியிடம் போய்விட்டது என்ற நிம்மதியோடு நின்றவள், திடீரென்று திரும்பிக் கேட்டாள். ஸ்ரீகண்டன் சற்று யோசித்து, "சாமி கேப்பார்" என்றான்.

"சாமிக்கு மருந்துச் சீட்டு எழுதத் தெரியுமா?"

"இந்தா, சுண்டல் எடுத்துக்கோ" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

மற்ற ஊர்களில் ஆயுதங்களுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை தின்று, மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். திருவனந்தபுரத்தில் அப்படி இல்லை. அஷ்டமி சாயங்காலம் வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது, தையல்காரர் ஊசியில் நூல் கோக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிட இனிப்பான பண்டிகை கிடையாது. பெரியவர்களில் இந்த விதியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். அந்தக் குறையை ஹரிநாராயணன் ஒற்றை ஆளாக ஈடுகட்டி வந்தார்.

கோட்டைக்கு மேற்கே ஒரு மாடியில் அவர் நடத்திய கம்பெனி மிகச் சிறியது. அவர் முதலாளி. ஸ்ரீகண்டன் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். ரோஸ் புரோகிராம் எழுதுபவள். முதல் இருவரும் கரமனை அக்ரஹாரத்தில் ஒரே தெருக்காரர்கள் என்பதால், ஸ்ரீகண்டன் அவரை அலுவலகத்தில் "ஸார்" என்பான்; பதற்றம் வந்தால் "மாமா" என்றுவிடுவான். ரோஸ் பூவார் கடற்கரைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேலையில் ஆங்கிலம், கோபத்தில் மூன்றும்.

கம்பெனிக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் 'துணைக்கரம்' என்ற டிரஸ்ட். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்வது அவர்கள் தொண்டு. நோயாளியின் வீட்டார் ஒரே ஒரு எண்ணைக் கூப்பிட்டால் போதும். கம்பெனியின் சர்வரில் ஓடும் புரோகிராம் அந்த அழைப்பைப் பக்கத்தில் இருக்கும் நர்ஸுக்குத் தள்ளிவிடும். அவர் எடுக்காவிட்டால் அடுத்த நர்ஸுக்கு. யாருமே எடுக்காவிட்டால் டிரஸ்டின் பொறுப்பாளரான ஷிஜாவுக்கு. நகரத்து அடுக்குமாடியிலிருந்தும் அந்த எண்ணுக்கு அழைப்பு வரும், மலைமேல் போனக்காடு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்தும் வரும். கூப்பிடுகிறவர்கள் மூச்சு முட்டிக் கூப்பிடுகிறவர்கள். அந்த எண் ஒருபோதும் ஊமையாகக் கூடாது. ஒப்பந்தத்தில் முக்கியமான வரி அது ஒன்றுதான். ஸ்ரீகண்டன் தூக்கத்திலும் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

ஆகவே, இந்த வருஷம் இரண்டாவது சர்வர் வந்து இறங்கியபோது அவனுக்குத் தன் தம்பி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த மாதிரி இருந்தது. பழையதற்குக் கரமனை என்றும் புதியதற்குக் கிள்ளி என்றும் ஊரின் இரண்டு ஆறுகளின் பெயரை வைத்தார்கள். இரண்டையும் ஒரே கூட்டாகக் கட்டி, புரோகிராமைப் 'பாக்கேஜ்' ஆக்குகிற வேலையில் அவன் பல நாள் தலை நிமிராமல் உட்கார்ந்தான்.

"பாக்கேஜுன்னா என்னடா? கொரியர்ல வர்றதா?" என்றார் ஹரிநாராயணன்.

"குடித்தனம்னு வச்சுக்கோங்கோ ஸார். புரோகிராம், அதோட தகவல் இருக்கற டிஸ்க், கூப்பிடறவாளுக்குத் தெரிஞ்ச விலாசம், எல்லாம் ஒரே மூட்டை. இப்போ கரமனையில குடியிருக்கு. கரமனைக்கு ஏதாவது ஆச்சுன்னா மூட்டை அப்படியே கிள்ளி ஆத்துக்குக் குடிபோயிடும். விலாசமும் கூடவே போறதால, கூப்பிடறவாளுக்கு வீடு மாறினதே தெரியாது."

"போகணும்னு யாரு சொல்லுவா?"

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விசாரிச்சுண்டே இருக்கும் ஸார். இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். பதில் வரலேன்னா மத்தது மூட்டையை எடுத்துக்கும்."

"எங்காத்துல நானும் மாமியும் மாதிரி."

"மாமி கூப்பிட்டா நீங்க எங்க ஸாரே பதில் சொல்லுதீங்க?" என்றாள் ரோஸ் திரும்பிப் பார்க்காமலே. "உங்க மூட்டை எப்பவோ வேற வீட்டுக்குப் போயிருக்கணும்."

ஹரிநாராயணன் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புது ஆத்துக்குப் போனதும் முதல்ல என்ன நடக்கும்?"

"முதல்ல டிஸ்க்கை மாட்டும். அப்பறம் விலாசம். கடைசியா புரோகிராம் எழுந்துக்கும். கிளம்பறச்சே இதையே தலைகீழா. இந்த வரிசையை நான்தான் எழுதி வச்சிருக்கேன்."

"பால் காய்ச்சறது?"

"ஸார்?"

"குடிபோனா முதல்ல பால் காய்ச்ச வேண்டாமாடா? அது எந்த வரியில இருக்கு?"

ஸ்ரீகண்டன் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, புரோகிராம் நல்லபடியாக எழுந்ததும் திரையில் 'பால் காய்ச்சியாச்சு' என்று காட்டும்படி ஒரு வரியைச் சேர்த்தான். சோதனைக்காக ரோஸ் கரமனையின் கம்பியைப் பிடுங்கினாள். ஒரு தும்மல் போடும் நேரத்தில் மூட்டை கிள்ளிக்குப் போய், பாலும் காய்ச்சிவிட்டது. ஹரிநாராயணன் தீபாராதனையைக் கண்டவர் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவருக்கு வருஷாவருஷம் ஒரு குறை உண்டு. அலுவலகத்தில் ஸ்டேப்ளர் முதற்கொண்டு எல்லாம் பூஜைக்குப் போகும். ராப்பகல் உழைக்கிற சர்வர் மட்டும் போகாது. ஒன்றே ஒன்று இருந்தவரை வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

"இப்போதான் ரெண்டு இருக்கே!" என்றார், கண்கள் பளபளக்க. "மூட்டையைக் கிள்ளிக்கு அனுப்பிட்டுக் கரமனையைப் பூஜைக்கு வச்சுடலாம். மூத்தவள். எத்தனை வருஷம் ஓடாத் தேஞ்சிருக்கா!"

"ஆஃப் பண்ணவா ஸாரே?" என்றாள் ரோஸ்.

"வேண்டாம் வேண்டாம். மூச்சு விடலாம். வேலை பண்ணப்படாது, அவ்வளவுதான்."

ஸ்ரீகண்டனுக்கும் இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. "ஒருவேளை கிள்ளி விழுந்தாலும் கரமனை தானா எடுத்துக்கும்" என்றான் உற்சாகமாக.

ஹரிநாராயணனின் முகம் மாறிவிட்டது. "பூஜையில இருக்கறவ எழுந்து வந்து வேலை பண்ணுவாளா? பண்ணப்படாதுன்னுதானேடா வைக்கறோம்! அதைத் தடுக்க முடியாதா?"

முடியும். இந்தப் பாக்கேஜ் இந்த இயந்திரத்துக்குப் போகக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். முடியாது என்று பொய் சொல்ல ஸ்ரீகண்டனுக்கு வரவில்லை. முடியும், ஆனால் கூடாது என்று மெய் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. "முடியும் ஸார்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

"பின்ன ரெண்டு எதுக்கு வாங்கினோம்?" என்று ரோஸ் மேசையைத் தட்டினாள். "குடைய வாங்கிப் பூட்டி வச்சிட்டு மழையில நிக்கவா?"

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்? பகவதி பாத்துப்பா" என்றார் ஹரிநாராயணன்.

ஸ்ரீகண்டன் அந்த வரியைப் போட்டான். பெரியவர் மனம் நோகக் கூடாது என்ற அன்பினால் செய்ததாக அப்போது நினைத்துக்கொண்டான். பயத்தினால் தலையாட்டுவதும் பார்வைக்கு அன்பு போலத்தான் இருக்கும். நமக்குள் இருக்கும் இறைவன் ஒருவனுக்குத்தான் இரண்டும் வேறு வேறு என்று தெரியும்.

அஷ்டமி சாயங்காலம் அலுவலகம் ஜெகஜோதியாக இருந்தது. பட்டு வேஷ்டி விரித்து, அதன்மேல் கீபோர்டுகள், மவுஸ், ஸ்ரீகண்டனின் லேப்டாப், ஹரிநாராயணனின் லேப்டாப், கால்குலேட்டர், சாவிக்கொத்து எல்லாம் ஏறின. தீயணைக்கும் சிலிண்டரையும் அவர் தூக்கிக்கொண்டு வந்தபோது ரோஸ் வழிமறித்துத் திருப்பி அனுப்பினாள். தன் லேப்டாப்பையும் தர மறுத்துவிட்டாள். "என் லேப்டாப்பு வேதக்காரப் பொண்ணாக்கும். அதுக்கு ஞாயித்துக்கெழமதான் லீவு."

அலமாரியில் மேல்தட்டில் கரமனை. அதன்மேல் ஒரு புதிய பட்டுத் துண்டு. காற்று போகிற வழியை மறைக்காமல் அதைப் போர்த்தியது ரோஸ்தான். கீழ்த்தட்டில் கிள்ளி, துண்டு எதுவும் இல்லாமல், விர்ரென்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

ஹரிநாராயணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பொட்டு வைப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. கட்டைவிரலால் சந்தனத்தை வைத்து, விரலை எடுக்காமல், ஒரு சுலோகம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் எடுப்பார். அவர் பேரப்பிள்ளைகள் இதற்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிவது உண்டு. கரமனைக்குப் பட்டின் மேலேயே வைத்தார். பிறகு குனிந்து கிள்ளியைப் பார்த்தார். அவர் மனம் இளகியது.

"பாவம், பண்டிகை நாள்ல இவ மட்டும் வேலை பாக்கறா. இவளுக்கும் ஒண்ணு வைக்கறேன்."

கிள்ளியின் முன்பக்கத்தில், சரியாக நடுவில், நெற்றி என்று யாரும் சத்தியம் செய்யக்கூடிய இடத்தில், பச்சை ஒளி கசியும் வட்டமான பொத்தான் ஒன்று இருந்தது. அவர் தாராளமாகச் சந்தனத்தை எடுத்து அதில் வைத்து, அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சுலோகத்தைத் தொடங்கினார்.

ஒரு சர்வரை ஒரேயடியாக அணைக்க, அந்தப் பொத்தானைச் சற்று நேரம் விடாமல் அழுத்த வேண்டும். ஒரு சுலோகம் தாராளமாகப் போதும்.

விர்ரென்ற ஓசை நின்றது.

"ஆஹா!" என்றார் ஹரிநாராயணன், கண்ணைத் திறக்காமல். "என்ன ஒரு சாந்தி பாத்தியா!"

"ஸாரே," என்றாள் ரோஸ், "அது சாந்தி இல்ல. கிள்ளி."

ஸ்ரீகண்டன் பாய்ந்து வந்து பொத்தானை அழுத்தினான். கிள்ளி ஒருமுறை மூச்சு வாங்கி, மறுபடி அடங்கியது. கம்பியைக் கழற்றி மாட்டி, நிமிஷங்கள் ஓட ஓட மறுபடி மறுபடி அழுத்தினான். அப்படியே அடங்கியது. குழைவான சந்தனம் பொத்தானின் சுற்று இடுக்கில் இறங்கிவிட்டது. அழுத்திய பொத்தான் எழும்பி வரவில்லை. கிள்ளி கண் விழிக்கும், யாரோ தன் நெற்றியை அழுத்திக்கொண்டிருப்பதாக நினைக்கும், உடனே படுத்துவிடும்.

மேல்தட்டில் கரமனை நல்ல உடம்போடு, எல்லாம் தெரிந்தும் எதுவும் செய்யாமல், பட்டுக்குள் இருந்தாள். அவள் கையைக் கட்டிப்போட்டவன் தான்தான் என்பது ஸ்ரீகண்டனுக்கு உறைத்தது. அந்த எண் ஊமையாகிவிட்டது. இந்த நேரத்தில் யாராவது எங்காவது ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கலாம்.

"மாமா! கரமனையை எழுப்பணும்!"

"பூஜையில இருக்காளேடா!" ஹரிநாராயணன் கிண்ணத்தோடு அலமாரியை மறித்து நின்றார். "வச்சு அரைமணி கூட ஆகலையே. தசமிக்கு முன்னால எடுக்கறது... அதைத் தொடாம பண்ண முடியாதா? கமாண்டு மட்டும்?"

"தொட வேண்டாம். ஆனா வேலை பண்ணுவா."

"அதுதானேடா கூடாது!"

"நான் பண்ணுதேன் அண்ணா," என்று ரோஸ் தன் லேப்டாப்பைத் திறந்தாள். "பாவம் எனக்கிருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஃபாதர்கிட்ட சொல்லிக்கிடுதேன். சர்வரைப் பூஜையில இருந்து எழுப்புனதுக்கு என்ன தண்டனைன்னு அவரும் தெரிஞ்சுக்கிடட்டும்."

அப்போதுதான் ஸ்ரீகண்டனுக்கு மீரா கேட்டது ஞாபகம் வந்தது. நெஞ்சு அடிக்கறதை யாரு கேப்பா? தப்பித்துக்கொள்ள அவன் கையில் இப்போது சுண்டல் இல்லை.

"இல்ல ரோஸ். தடுத்தது நான். எடுக்க வேண்டியதும் நான்தான்" என்று அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "மாமா, இதுக்கு நான் அன்னிக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. இப்போ சொல்றேன். கூடாது."

ஹரிநாராயணன் ஒரு கணம் அவனைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"இரு. வச்சவன் நான். எடுக்கறதும் நானே எடுக்கறேன்." பட்டுத் துண்டை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினார். "தாயே, கோச்சுக்காதே. அங்க யாரோ கூப்பிடறா."

ஸ்ரீகண்டன் தடையை நீக்கினான். பாக்கேஜைக் கிளப்பினான். டிஸ்க் வந்தது. விலாசம் வந்தது. புரோகிராம் மட்டும் வரச் சற்றுத் தயங்கியது. மூவரும் மூன்று சாமிகளைக் கூப்பிட்டார்கள். திரையில் எழுத்து விழுந்தது: பால் காய்ச்சியாச்சு.

ஹரிநாராயணன் பட்டுத் துண்டை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஸ்ரீகண்டன் ஷிஜாவைக் கூப்பிட்டான். அவள் போன் பிஸியாகவே இருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் கிடைத்தது. மறுமுனையில் பஸ் ஹாரனும் சந்தை இரைச்சலும் கேட்டன.

"ஷிஜா, நம்பர் கொஞ்ச நேரம் போயிடுத்து. இப்போ சரியாச்சு. தப்பு எங்க பேர்லதான்."

"தெரியும் ஸார்" என்றாள் ஷிஜா. "சாயங்காலம் ஆனா போனு அடிச்சிக்கிட்டே கெடக்கும். அடிக்கலன்னதும் எனக்கு சந்தேகம் தட்டிட்டு. நானே ஒவ்வொரு வீடா கூப்பிட ஆரம்பிச்சேன். போனக்காட்டுல கரண்டு இல்ல பாத்துக்கிடுங்க, அதனால மாடம்மாளைத்தான் மொதல்ல கூப்பிட்டேன். அவ மகன் பால்பாண்டி நம்ம நம்பர அடிச்சு அடிச்சு அழுதுக்கிட்டு நிக்கான். அவளுக்கு ஆக்ஸிஜன் மெஷின் நின்னு மூச்சு வாங்குது. விதுரையில இருந்து ஜீப்புல சிலிண்டர் போய்ச் சேந்தாச்சு. இப்பதான் பால்பாண்டி சொன்னான், அம்மை கண்ணத் தொறந்து டீ கேக்கான்னு."

ஸ்ரீகண்டன் போனைக் காதில் வைத்தபடி மேல்தட்டில் இருந்த கரமனையைப் பார்த்தான்.

"ஸார்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மத்த வீட்டுலயும் பேசியாச்சு. ஒண்ணும் கொழப்பம் இல்ல. நீங்க போய்ச் சாமி கும்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

டிரஸ்டின் செயலாளரிடம் ஹரிநாராயணனே பேசினார். எதையும் மறைக்கவில்லை. பூஜை, பட்டு, தடை, சந்தனம், சுலோகம், மாடம்மாளுக்கு மூச்சு முட்டியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"எந்த சுலோகம்?" என்று கேட்டார் செயலாளர்.

ஹரிநாராயணன் சொன்னார்.

"அது பெரிசாச்சே" என்றார் செயலாளர். "உங்களோட சேந்து இத்தனை வருஷம் ஓட்டியாச்சு. இனிமேலும் ஓட்டலாம். ஆனா அந்த அம்மா இன்னிக்குப் பிழைச்சிருக்கறது ஷிஜாவால. அதை மட்டும் மறந்துடாதீங்கோ. அடுத்த வருஷம் குங்குமம் வையுங்கோ, பொடியா."

மறுநாள் மகாநவமி. ஹரிநாராயணன் கிள்ளியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் இடுக்கில் இருந்த சந்தனத்தைத் துகள் துகளாக எடுத்தார். ஒவ்வொரு குச்சிக்கும் ஒருமுறை "மன்னிச்சுக்கோ" என்றார். மத்தியானத்துக்குள் பொத்தான் எழும்பி வந்தது. கிள்ளி கண் விழித்தாள்.

"இவ இப்போ சும்மாதானே இருக்கா" என்றார் அவர், ஸ்ரீகண்டனைக் கடைக்கண்ணால் பார்த்தபடி. "பட்டை இவ மேல போடலாமா? தடையெல்லாம் வேண்டாம். பூஜையில இருக்கட்டும். கூப்பிட்டா எழுந்து வரட்டும்."

"போடலாம் மாமா" என்றான் ஸ்ரீகண்டன். பதற்றம் இல்லாமலே அந்தச் சொல் வந்தது.

ரோஸ் பட்டைப் போர்த்திக்கொண்டே, "ஷிஜா நேத்து எங்க நின்னு பேசினான்னு தெரியுமா அண்ணா?" என்றாள்.

"சந்தை மாதிரி இருந்தது."

"சாலை பஜாருல. நாளைக்கு அவ மவனுக்கு எழுத்தினிருத்து. அரிசியில மொத எழுத்து எழுதப் போறான். அவனுக்குச் சின்ன வேட்டி வாங்கத்தான் பஸ் ஏறிப் போயிருக்கா. போனு அடிக்கலன்னதும் ஒரு ஜவுளிக்கடைப் படியில உக்காந்து எல்லா வீட்டுக்கும் பேசுனா. பேசி முடிக்கையில கடைக்காரர் ஷட்டரை எறக்கிட்டார். வேட்டி வாங்கல. பக்கத்து வீட்டுப் பையன் வேட்டியக் கேட்டு வாங்கியிருக்காளாம்."

ஸ்ரீகண்டன் பட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"நாளைக்கும் அதே கததான். பாதி நர்ஸுமாரு லீவு. அத்தனை போனும் அவளுக்குத்தான் வரும். மடியில பிள்ளைய வச்சிக்கிட்டு ஒரு கையில போனப் பிடிச்சிக்கிட்டு இருப்பா, பாருங்க."

"அவளால எடுக்க முடியலேன்னா, அவளுக்கு அடுத்து யாரு?"

"யாரும் இல்லண்ணா. அவதான் கடைசி."

விஜயதசமி காலையில் ஊர் முழுவதும் ஈரத் தலையோடு கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீகண்டன் மனைவி சூடாமணியையும் மீராவையும் கோவில் வாசலில் இறக்கிவிட்டு, "சின்ன வேலை. முடிச்சுட்டு வரேன்" என்றான். ஹரிநாராயணன் தன் பூஜைகளை முடித்து வர நேரம் ஆகும். அலுவலகத்தில் யாரும் இல்லை.

ஷிஜாவுக்கு முடியாத நேரத்தில் கம்பெனி ஆள் அழைப்பை எடுக்கலாம் என்று டிரஸ்ட் எப்போதோ அனுமதி தந்திருந்தது. ஷிஜாவுக்கு முடியாமல் போனதே இல்லை என்பதால் அது யார் நினைவிலும் இல்லை. தன் லேப்டாப் இன்னும் பூஜையில் இருந்ததால், ரோஸ் விட்டுப்போயிருந்த லேப்டாப்பில் ஸ்ரீகண்டன் புரோகிராமைத் திறந்து, ஷிஜாவின் பெயருக்கு முன்னால் தன் எண்ணைப் போட்டான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். சம்மதித்தாலும், அவன் எடுக்கிறானா இல்லையா என்று கோவிலில் உட்கார்ந்து கவலைப்படுவாள்.

முதல் அழைப்பு கல்லாற்றிலிருந்து வந்தது. வேலப்பன் என்ற முதியவர்.

"ஷிஜா மோளில்லியா?"

"கோவிலுக்குப் போயிருக்கா. எங்கிட்டச் சொல்லுங்கோ."

"மூத்திரம் போற டியூப் அடைச்சிட்டு மோனே. வலிக்கி."

எந்த நர்ஸ் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்து, பேசி, அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார் என்று தெரிந்ததும் வேலப்பனை மறுபடி கூப்பிட்டுச் சொன்னான். அடுத்து ஒரு மகள், தன் அப்பாவுக்குப் பாயசம் கொடுக்கலாமா என்று கேட்டாள். டாக்டரிடம் கேட்டு, ஒரு கரண்டி கொடுக்கலாம் என்றான். இரண்டு கரண்டிக்கு அவள் பேரம் பேசினாள்.

பிறகு ஒரு மெலிந்த குரல். "ஆரு பேசுது?"

"துணைக்கரம் அம்மா. சொல்லுங்கோ."

"நான் மாடம்மா. போனக்காடு. ஒண்ணுமில்ல. முந்தாநேத்து என் மவன் அடிச்சான், ஆரும் எடுக்கல. இன்னைக்கு எடுக்கீங்களான்னு பாத்தேன்."

ஸ்ரீகண்டன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தான். "எடுத்துட்டேன் அம்மா."

"செரி" என்றாள் மாடம்மாள். "எடுத்தா போதும். வைக்கேன்."

அவன் அதன்பின் வந்த எல்லா அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்தான்.

வெயில் ஜன்னல் படியைத் தாண்டி உள்ளே வந்தபோது, ஷிஜா வாட்ஸப்பில் ஒரு படம் போட்டிருந்தாள். கோவில் மண்டபம். தாம்பாளத்தில் அரிசி. ஒரு சிறுவன், இடுப்பில் நிற்காத வேட்டியோடு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பெரியவர் ஒருவர் அவன் விரலைப் பிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்தார். ஷிஜா பிள்ளையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "தெய்வமே, ஒரு போன்கூட வரல."

ஸ்ரீகண்டன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவர்கள் கூட்டத்தை விட்டு வெளியே வந்து, பிரசாதம் வாங்கி, பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காத்திருந்தான். பிறகு தன் எண்ணை அழித்து, எல்லாவற்றையும் முன்பு இருந்தபடியே வைத்தான்.

அடுத்த அழைப்பு அவனைத் தாண்டி ஷிஜாவுக்குப் போனது. அவள் எடுத்துவிட்டாள் என்று திரை காட்டியது. அவன் ஃபேனை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினான்.